ஒரு விரற்கடைக் காற்று

சியோலில் எங்கள் மலைச்சரிவில் குளிர்காலம் வந்துவிட்டால் ஜன்னலைத் திறக்கிறவர்கள் இரண்டே பேர். ஒருத்தி ஒக்ஜா, சந்தில் நின்று தள்ளாடுகிற குடிகாரனை வாய் நிறையத் திட்டுவதற்காகத் திறப்பாள், திட்டி முடித்ததும் மூடிவிடுவாள். இன்னொருத்தி பில்சுன். பானைத் தண்ணீர் உறைந்து பானையே வெடிக்கிற நாளிலும் அவள் வீட்டு ஜன்னல் ஒரு விரற்கடை திறந்தே இருக்கும். அதற்காகவே அவளுக்குக் 'காத்துப் பைத்தியம்' என்று பெயர் வைத்திருந்தோம். மா என்ற கரிவண்டிக்காரன், கரி இறக்க வரும்போதெல்லாம் அவளைச் சீண்டாமல் போகமாட்டான்.

"என்னக்கா, வீட்டுச் சூட்டையெல்லாம் சந்துக்குத் தானம் பண்றீங்க? உங்க புண்ணியத்துல இந்தத் தடவை ஜனவரியிலயே இங்க மரமெல்லாம் பூத்துடும் போல."

"உனக்கென்னடா நஷ்டம்? நான் ஜாஸ்தி கரி எரிக்கறேன், நீ ஜாஸ்தி விக்கறே. வாயை மூடிக்கிட்டு இறக்கு."

சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனால் ஒரு தடவை, அவள் கிணற்றடிக்குப் போயிருந்த நேரத்தில் விளையாட்டாக அந்த ஜன்னலை வெளியிலிருந்து தள்ளி மூடிய பையனுக்கு அவள் கொடுத்த அறை இருக்கிறதே, அப்பப்பா! அவன் அம்மா வந்து சண்டை போட்டாள். பில்சுன் அவள் எதிரிலேயே போய்த் திரும்பவும் ஜன்னலைத் திறந்து, இடுக்கில் ஒரு மரத்துண்டைச் செருகினாள்.

காரணம் யாருக்கும் தெரியாது. தெரிந்த இருவரில் ஒருவர், அவள் புருஷன், செத்து ஒன்பது வருஷமாகிறது. இன்னொருவன் மகன் தேசொப்; அவன் கட்டட வேலைக்கு சவூதி போய்விட்டான்.

பில்சுன் குடும்பத்தோடு தெற்கே ஒரு கிராமத்திலிருந்து சியோலுக்கு வந்து சேர்ந்தது 1966 இலையுதிர் காலத்தில். ஊரில் எரித்தது பைன் விறகு. விறகுப் புகை அடாவடியானது. தரையில் எங்காவது விரிசல் விட்டால் உடனே கண்ணைக் கரிக்கும், தொண்டையைப் பிடிக்கும், வீட்டை விட்டே ஓடச் செய்யும். நகரத்தில் எரிப்பது ஓட்டைக்கரி. பானை அளவு உருளை, மேலிருந்து கீழ்வரை இருபத்திரண்டு ஓட்டை. ஒன்று போட்டால் பன்னிரண்டு மணி நேரம் கனியும். பற்றிய புதிதில் கொஞ்சம் நெடி அடிக்கும், அப்புறம் ஒன்றுமே இருக்காது. அதன் கேஸுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. விறகிலேயே வளர்ந்த மூக்குக்கு அது எங்கே தெரியப் போகிறது?

அந்த ஜனவரியில் ஒன்பது வயது மகள் இப்புனிக்கு விடாத இருமல். எங்கள் வீடுகளில் சமையலறை அடுப்பின் சூடு அறைத்தரைக்கு அடியில் கற்களுக்கு நடுவே ஓடி, மறுகோடிப் புகைபோக்கியில் ஏறிப் போகும். அடுப்பை ஒட்டிய சூட்டுப்பக்கம்தான் வீட்டிலேயே நல்ல இடம். யாரை ரொம்பத் தாங்குகிறோமோ அவர்களுக்கு அந்த இடம். இப்புனியை அங்கே படுக்க வைத்தாள். காற்று பட்டால்தானே இருமுகிறாள் என்று, மாவைக் காய்ச்சிப் பசையாக்கி, செய்தித்தாளைப் பட்டை பட்டையாகக் கிழித்து, ஜன்னலிலும் கதவிலும் இருந்த ஒவ்வொரு இடுக்கையும் ஒட்டி அடைத்தாள். ஒட்டி முடித்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தன் வேலையைப் பார்த்தபோது அவளுக்கே பெருமையாக இருந்தது.

காலையில் எழுந்தபோது அவளுக்கும் கதவோரம் படுத்திருந்த புருஷனுக்கும் மகனுக்கும் தலை பிளந்தது. இப்புனி மட்டும் இருமவே இல்லை. கன்னம் இரண்டும் சிவந்து, அசையாமல் படுத்திருந்தாள். அப்பாடா, என் கண்ணு இன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்குகிறது என்று நினைத்தாள் பில்சுன். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, சத்தம் போடாமல் அரிசி களையப் போனாள்.

அரை மணி நேரம் கழித்துத்தான் எழுப்பப் போனாள். அக்கம்பக்கத்தார் ஓடி வந்தார்கள். கேஸ் குடித்தவர்களுக்கு முள்ளங்கி ஊறுகாய்த் தண்ணீர் கொடுத்தால் தெளியும் என்று யாரோ சொல்ல, இன்னொரு மணி நேரம் அந்தப் புளித்த ஐஸ் தண்ணீரைக் கரண்டி கரண்டியாகக் குழந்தையின் வாயில் ஊற்றினாள். எல்லாம் கடைவாய் வழியே திரும்பி வழிந்தது.

"காய்ச்சல்னு சொல்லு," என்றான் புருஷன். "யார் கேட்டாலும் காய்ச்சல். அம்மாவே அடைச்சுக் கொன்னுட்டான்னு ஊர்ல பேச விடமாட்டேன்." அதே வாரம் அந்தச் சந்தைக் காலி செய்து எங்கள் சந்துக்கு வந்தார்கள். அன்றிலிருந்து இப்புனி என்ற பெயரை வீட்டில் யாரும் சொன்னதில்லை. சொல்லாமலே பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது.

தேசொப் சவூதியிலிருந்து எழுதுவான். ஒரு கடிதத்தில் இப்படி இருந்தது: "அம்மா, இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. கொட்டகையில் குளிர்மெஷின் வைத்திருக்கிறார்கள். குளிர் வெளியே போய்விடுமாம், ஜன்னலை ஆணி அடித்து மூடிவிட்டார்கள். பன்னிரண்டு பேரும் ஒரே காற்றைத்தான் மாற்றி மாற்றி மூச்சு விடுகிறோம். ஒருவனுக்குச் சளி பிடித்தால் அத்தனை பேருக்கும் பிடிக்கிறது." பில்சுன் எழுதிய பதில் மொத்தமே மூன்று சொல். "ஆணியை உடனே பிடுங்கு."

மருமகள் யோன்சிலுக்கு 1978 டிசம்பர் கடைசியில் பிரசவம் என்று நாள் குறித்திருந்தார்கள். நல்ல பெண், வாயாடி. மாமியாரின் ஜன்னல் பைத்தியத்தைக் கல்யாணமான புதிதிலேயே ஏற்றுக்கொண்டு, இரண்டு கால்சட்டை போட்டுக்கொண்டு படுக்கப் பழகியவள். அந்த மாதம் சூட்டுப்பக்கத்தில் தரைமேல் ஒட்டியிருந்த காகிதம் காப்பி நிறத்துக்குக் கருகி, அதன் நடுவே ஒரு கோடு ஓடியது. பில்சுனுக்குக் காலையில் லேசாகத் தலை கனத்தது. உடனே தரைக்கொத்தனாரிடம் ஓடினாள். தரையைப் பெயர்த்துக் கல் மாற்ற வேண்டும், மூன்று நாள் வேலை, நாளை மறுநாள் வருகிறேன் என்றார் அவர்.

மறுநாளே யோன்சிலுக்கு வலி எடுத்துவிட்டது. பத்து நாள் முன்னதாகவே பெண் குழந்தை பிறந்தது. வழக்கப்படி வாசலில் வைக்கோல் கயிறு கட்டி, அதில் கரித்துண்டும் பைன் இலையும் செருகினார்கள். அந்தக் கயிறு தொங்கும் இருபத்தொரு நாளும் வெளியாள் யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது. கொத்தனார் சொன்னபடி வந்தார், கயிற்றைப் பார்த்தார்.

"பேத்தியா? நல்லா இருக்கட்டும். கயிறு அவுத்ததும் சொல்லி அனுப்புங்கம்மா."

"நீங்க உள்ள வந்தா பரவாயில்லைங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

"நீங்க சொல்லமாட்டீங்க. நாளைக்குக் குழந்தைக்கு ஒரு வயித்துவலின்னா ஊரே என்னைச் சொல்லும்." கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

வேறு இடமும் இல்லை. பக்கத்துச் சின்ன அறைக்கு அடுப்பே கிடையாது. அதில் ஊறுகாய்ப் பானைகள்தான் இருந்தன. பிள்ளை பெற்றவளை அங்கே போட முடியுமா? ஆகவே பில்சுன் ஜன்னலை இரண்டு விரற்கடை திறந்தாள். ஜன்னல் வழியே போகிற சூட்டை ஈடுகட்ட, அடுப்பின் காற்றுவாயில் திணித்திருந்த கந்தலைப் பாதி இழுத்துவிட்டாள். தானே ஜன்னலடியில் படுத்து, காற்றைத் தன் முதுகில் வாங்கிக்கொண்டாள். இருபத்தொரு நாளை இப்படியே ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டாள்.

நான்காம் நாள் யோன்சிலின் அம்மா வந்து இறங்கினாள். மலையூர்க்காரி, புருஷன் இல்லை, வேறு பிள்ளை இல்லை. தலையில், பிள்ளை பெற்றவளுக்குக் குழம்பு வைக்க ஒரு மூட்டை கடற்பாசி, கையில் ஒரு பூசணிக்காய். கயிற்றைக் கும்பிட்டுவிட்டு உள்ளே நுழைந்தவள், மகளைப் பார்க்கும் முன் ஜன்னலைப் பார்த்தாள்.

"ஐயோ, இதென்ன சம்பந்தியம்மா! பச்சை உடம்புக்காரி படுத்திருக்கா, ஜன்னல் திறந்து கிடக்கு! யாரோ மறந்துட்டாங்க போலிருக்கு."

"மறக்கலைங்க. தரையில விரிசல் இருக்கு. கேஸ் வரும். அதான் கொஞ்சூண்டு…"

"விரிசல்தானே? அதைப் பூசிட்டாப் போச்சு."

சொன்னதோடு நிற்கவில்லை. மாவு கரைத்து விரிசலில் தடவி, மேலே மூன்று அடுக்குக் காகிதம் ஒட்டினாள். ஜன்னலை இழுத்து மூடினாள். அடுப்பின் காற்றுவாயில் இருந்த கந்தலை முழுக்கப் பிடுங்கி எறிந்தாள். தரை கால் வைக்க முடியாதபடி கொதித்தது. பெற்றவளின் எலும்பு இருபத்தொரு நாள் சூட்டில் வெந்தால்தான் கூடும், ஒரு துளிக் காற்று பட்டாலும் கிழவியான பிறகு கணுக்கணுவாக வலிக்கும். இது எங்களில் யாருக்குத்தான் தெரியாது? பில்சுனுக்கும் தெரியும். சம்பந்தியம்மா செய்ததில் ஒன்றைக்கூட அவளால் தப்பு என்று சொல்ல முடியவில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் பசைக்கிண்ணத்தோடு நின்ற தன்னையே அவள் எதிரில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு சம்பந்திகளுக்கும் நடந்த சண்டையை வெளியிலிருந்து கேட்டவர்கள் உபசாரம் என்றுதான் நினைத்திருப்பார்கள். அத்தனை மரியாதை! பில்சுன் குழம்பு கொண்டுபோகிற சாக்கில் ஜன்னலைத் தள்ளுவாள். சம்பந்தியம்மா, கிண்ணம் எடுத்து வருகிற சாக்கில் இழுப்பாள். பலகைக்குப் பதில் கதவில் ஒட்டியிருந்த காகிதத்தில் பில்சுன் விரலால் ஓட்டை போடுவாள்; ஒரு மணி நேரத்தில் அதில் புதுக் காகிதம் ஒட்டியிருக்கும்.

"உங்க வீட்டு எலி ரொம்பக் கெட்டிக்காரி சம்பந்தியம்மா. காகிதத்தை மட்டும் பார்த்துப் பார்த்துக் கடிக்குது."

"ஆமாங்க. அதுக்கும் மூச்சு முட்டுது போல."

நடுவில் படுத்திருந்த யோன்சில், போர்வையை வாயில் திணித்துக்கொண்டு சிரிப்பாள். "அத்தை, அம்மா, ரெண்டு பேரும் ஒரு நாள் முறை வச்சுக்கோங்களேன். ஒரு நாள் வேகறேன், ஒரு நாள் உறையறேன்." பாவம், அவளுக்கு என்ன தெரியும்?

ஒன்பதாம் நாள் சாயங்காலம் குளிர் திடீரென்று விட்டது. வானம் கீழே இறங்கி, ஈரப் பனி பிசுபிசுத்தது, காற்று செத்துவிட்டது. பில்சுன் சாம்பல் கொட்ட வெளியே போனவள் அப்படியே நின்றுவிட்டாள். மலைச்சரிவு முழுக்க ஒரு புகைபோக்கியிலிருந்தும் புகை மேலே ஏறவில்லை. வெளியே வந்த புகை கூரைமேலேயே படுத்துக் கிடந்தது. இப்படிப்பட்ட நாளில்தான் கேஸ் போக வழியில்லாமல் வந்த வழியே திரும்பும். இப்புனி போனதும் இப்படி ஒரு நாளில்தான். பில்சுன் சாம்பல் முறத்தைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள்; ஜன்னலை முழுக்கத் திறந்தாள்.

குழந்தை வீறிட்டது. சம்பந்தியம்மா எழுந்து நின்றாள். அன்றைக்கு அவள் குரலில் உபசாரம் இல்லை.

"போதும் சம்பந்தியம்மா. நானும் அஞ்சு நாளா வாயை மூடிக்கிட்டுப் பார்த்துக்கிட்டிருக்கேன். என் மக பெத்தது பொண்ணா போச்சுன்னுதானே இந்த அலட்சியம்? ஆம்பளைப் பிள்ளையா இருந்தா இப்படிக் காத்துல போட்டிருப்பீங்களா? பொண்ணுக் குழந்தை செத்தா செத்துட்டுப் போகட்டும்னுதானே?"

"அம்மா!" என்று கத்தினாள் யோன்சில்.

பில்சுன் வாயைத் திறந்தாள். அந்த ஒரு நொடியில் சொல்லியிருக்கலாம். எனக்கும் ஒரு பொண்ணு இருந்தா, இதே மாதிரி நான்தான் அடைச்சேன் என்று இரண்டே வார்த்தை. ஊர்க்காரர்கள் கேட்டபோதெல்லாம் காய்ச்சல், காய்ச்சல் என்று பன்னிரண்டு வருஷம் சொல்லிப் பழகிய வாய்க்கு அந்த இன்னொரு வார்த்தை வரவே இல்லை. மருமகள் முன்னால், சம்பந்தி முன்னால், பிள்ளையைக் கொன்றவள் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் நாளைக்குப் பேத்தியை இந்தக் கையில் கொடுப்பார்களா? அந்தப் பயம்தான் அவளைத் தின்றது. அந்தப் பயம் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால்!

"அப்படியெல்லாம் இல்லைங்க," என்றாள். தானே ஜன்னலை மூடினாள். தன் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு ஊறுகாய்ப் பானை அறைக்குப் போனாள். அவள் போனதும் சம்பந்தியம்மா கதவின் பக்க இடுக்குகளிலும் காகிதம் ஒட்டினாள். பில்சுன் இரண்டு தடவை எழுந்து வந்து கதவில் காது வைத்தாள். சம்பந்தியம்மாவின் குறட்டை கேட்டது. குறட்டை கேட்கிறதே, உயிர் இருக்கிறதே என்று திரும்பினாள். மூன்றாம் தடவை எழுவதற்கு முன் கண் அசந்துவிட்டது.

விடிந்தும் விடியாமல் கரி மாற்ற எழுந்தாள். கதவை இழுத்தாள், வரவில்லை. கூப்பிட்டாள், பதிலும் வரவில்லை. ஒட்டிய காகிதமெல்லாம் டர்ரென்று கிழியும்படி நிலையில் காலை ஊன்றிக் கதவை இழுத்துப் பெயர்த்தாள்.

யோன்சில் நிலைப்படியிலேயே குப்புறக் கிடந்தாள். பால் கொடுக்க எழுந்து, தலை சுற்றி, குழந்தையோடு கதவுவரை தவழ்ந்து வந்திருக்கிறாள். அவள் கைக்குள் குழந்தையின் முகம் கதவுக்குக் கீழே இருந்த இடுக்கை ஒட்டிக் கிடந்தது. பில்சுன் குழந்தையைப் பறித்து முற்றத்துக்கு ஓடினாள். பனியில், வெறும் காற்றில், அதன் முதுகில் தட்டினாள். "கத்துடி. கத்துடி என் தங்கமே. கத்தித் தொலையேன்!" ஒன்று, இரண்டு, மூன்று. குழந்தை பூனைக்குட்டி அளவுக்கு ஒரு சத்தம் போட்டது.

அதை ஒரு கூடையில் போட்டுவிட்டு மருமகளை அக்குளில் கைகொடுத்து இழுத்தாள். பிள்ளை பெற்றுப் பத்தாவது நாள், வெறுங்காலோடு, பனிமேல். யோன்சில் வாந்தி எடுத்தாள்; வாந்தி எடுத்தால் உயிர் இருக்கிறது. "அத்தை… அம்மா… அம்மா சூட்டுப்பக்கம்…" என்று குழறினாள். தரை கொதிக்கிறது என்று இவள் குழந்தையோடு நகர்ந்து படுக்க, சூடு வீணாகப் போகிறதே என்று அந்த இடத்தில் அம்மா முதுகைச் சாய்த்திருக்கிறாள். மூன்று அடுக்குக் காகிதமும் சூட்டில் சுருண்டு, விரிசல் அவள் தலைமாட்டிலேயே வாய் பிளந்திருந்தது.

சம்பந்தியம்மாவின் கன்னம் சிவந்திருந்தது. அந்தச் சிவப்பைப் பார்த்ததும் பில்சுன், பாவி, இன்னொரு தடவை என்னைப் பார்க்க வைத்துவிட்டாயே என்று யாரிடம் என்று தெரியாமல் அலறினாள். அலறிக்கொண்டே, தன்னைவிடக் கனமான அந்த உடம்பை வாசல்வரை இழுத்து வந்துவிட்டாள்.

சத்தம் கேட்டு ஒக்ஜா ஓடி வந்தாள். பின்னாலேயே நாலைந்து பேர். எல்லோரும் வைக்கோல் கயிற்றுக்கு வெளியே நின்றார்கள். ஒக்ஜா கையில் முள்ளங்கி ஊறுகாய்த் தண்ணீர்க் கிண்ணம்.

"அக்கா, இதை ஊத்துங்க! கயிறு கட்டியிருக்கே, நான் எப்படி உள்ள வர்றது?"

பில்சுன் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து அறுத்தாள். கிண்ணத்தைத் தட்டிவிட்டாள். "தண்ணியும் வேணாம் மண்ணாங்கட்டியும் வேணாம்! குழந்தையைத் தூக்குடி. கரிக்கார மாவைக் கூப்பிடு. வண்டி, வண்டி!"

மா கரிவண்டியில் கிடந்த உருளைகளைச் சந்திலேயே உருட்டிவிட்டு ஓடி வந்தான். கருப்பு வண்டியில் இரண்டு பேரையும் கிடத்தி, அவன் முன்னால் இழுக்க, பில்சுன் பின்னால் பிடித்துக்கொள்ள, ஒக்ஜா குழந்தையை அணைத்துக்கொண்டு கூடவே வர, வழுக்கும் சரிவில் இறங்கினார்கள். முதல் ஆஸ்பத்திரியில் கேஸ் குடித்தவர்களை உள்ளே படுக்க வைத்து அழுத்தத்தோடு ஆக்ஸிஜன் ஏற்றுகிற கலம் இல்லை என்றார்கள். "இருக்கிற இடத்துக்கு அனுப்புங்க சாமி," என்று கும்பிட்டாள். டாக்சி கிடைத்து இரண்டாவது ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர முக்கால் மணி நேரம். அங்கே கலம் ஒன்றுதான். ஒரு நேரத்தில் ஒரு ஆள்தான் படுக்கலாம். டாக்டர் இரண்டு பேர் கண்ணிலும் விளக்கடித்துப் பார்த்து, சம்பந்தியம்மாவைக் காட்டினார். யோன்சிலுக்கு மூக்கில் குழாய் வைத்தார்கள்.

"எத்தனை மணி நேரம் அடைச்ச ரூம்ல இருந்தாங்க?" என்று கேட்டார் டாக்டர். "ஜன்னல் யார் மூடினது?"

"நான்தாங்க," என்றாள் பில்சுன். அது பொய்யும் இல்லை.

மூன்று பேரும் பிழைத்தார்கள். ஆறாம் நாள் சம்பந்தியம்மா தன் காலால் நடந்து வீட்டுக்கு வந்தாள். கயிறு அறுந்துபோனதால் கொத்தனார் அதற்குள் தரையைப் பெயர்த்துக் கல் மாற்றிவிட்டார். புகைபோக்கியை ஒரு முழம் உயர்த்தி, உச்சியில் புகை இழுக்கும் விசிறியும் வைத்துவிட்டார். சந்தே கூடி வந்து குழந்தையைப் பார்த்தது. ஜன்னல் ஒரு விரற்கடை திறந்திருந்தது. சம்பந்தியம்மா அதைப் பார்த்தாள், மூடவில்லை. பில்சுன் இப்புனி பேச்சை எடுக்கவில்லை. பிழைத்தாகிவிட்டது, இனிமேல் எதற்கு அதைத் தோண்டுவது என்று அவளுக்கு ஒரு நிம்மதிகூட. சொல்லாமலே தப்பித்துவிட்டோம் என்று நினைத்தாள். எங்கே தப்பிக்க விட்டது?

ஒரு மாதம் போல ஆயிற்று. ஒரு நாள் சம்பந்தியம்மா கரண்டியைத் தலையணைக்குக் கீழே வைத்தாள். இன்னொரு நாள், எப்போதோ செத்துப்போன தன் புருஷன் இன்னும் விறகு கொண்டுவரவில்லையே என்று வாசலில் நின்றாள். அப்புறம் உட்கார்ந்த இடத்திலேயே சிறுநீர் கழித்தாள். யோன்சில் அழுதுகொண்டே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

"சில பேருக்கு இப்படி வருதும்மா," என்றார் டாக்டர். "நல்லாத் தேறிட்ட மாதிரி இருக்கும், கொஞ்ச நாள் கழிச்சு மூளை விட்டுக் கொடுத்துடும். திரும்ப வரலாம், வராமலும் போகலாம். தனியா மட்டும் விடாதீங்க." மலையூர் வீட்டைப் பூட்டிவிட்டு, சம்பந்தியம்மா பில்சுன் வீட்டிலேயே தங்கினாள்.

பிப்ரவரியில் குளிர் மறுபடி இறுக்கியது. ஒரு காலை பில்சுன் அடுப்படியிலிருந்து வந்து பார்த்தால், சம்பந்தியம்மா சோற்றை மசித்துப் பசையாக்கி, செய்தித்தாளைக் கிழித்து, ஜன்னல் இடுக்கில் ஒட்டிக்கொண்டிருந்தாள். பட்டை பட்டையாக, நேர்த்தியாக. கரண்டி எங்கே வைப்பது என்பது மறந்துவிட்டது, இது மறக்கவில்லை.

"அம்மா, வேணாம்மா!" யோன்சில் ஓடிவந்து ஒரு பட்டையைக் கிழித்தாள். சம்பந்தியம்மா மகளை நெட்டித் தள்ளினாள்; பில்சுனைப் பார்த்துக் கத்தினாள். கேஸ் குடித்தது, ஆஸ்பத்திரி, கலம், எதுவும் அவள் தலையில் இல்லை. அந்த ஒன்பதாம் நாள் சாயங்காலம் மட்டும் அப்படியே இருந்தது.

"பொண்ணாப் பொறந்ததுன்னுதானே? செத்தா செத்துட்டுப் போகட்டும்னுதானே?"

குழந்தை எழுந்து அழுதது. பில்சுன் ஈரக்கையைப் பாவாடையில் துடைத்தாள். போய், அந்தப் பசைக்கையை இரண்டு கையாலும் பிடித்து உட்கார வைத்தாள்.

"சம்பந்தியம்மா, எனக்கு ஒரு பொண்ணு இருந்தா. ஒம்பது வயசு. இருமல்னு சூட்டுப்பக்கம் படுக்க வச்சேன். இதே மாதிரி பசை காய்ச்சி, இதே மாதிரி நான்தான் ஒட்டினேன். காலையில கன்னம் செவந்து கிடந்தா. தூங்கறான்னு நினைச்சுப் போர்த்திவிட்டுட்டு அரிசி களையப் போனேன். நான்தான் கொன்னேன் சம்பந்தியம்மா. காய்ச்சல் இல்லை. நான்தான்."

யோன்சில் அப்படியே சுவரோடு சரிந்தாள். சம்பந்தியம்மா பில்சுனின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகம் கோணிற்று. "ஐயோ தாயே," என்று பில்சுனை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவள் எப்படி அழுவாளோ அப்படி அழுதாள். "பேர் என்னம்மா வச்சிருந்தீங்க?"

"இப்புனி."

"இப்புனி," என்றாள் சம்பந்தியம்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். ஒட்டிய பட்டைகளை ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே உரித்து, ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

மறுநாள் காலை அவள் மறுபடி சோறு மசித்துக்கொண்டிருந்தாள். முதல் நாள் கேட்டது ஒன்றுகூட நினைவில்லை. யோன்சில் செய்தித்தாளை ஒளித்துவைத்துப் பார்த்தாள். சம்பந்தியம்மா போர்வையைக் கிழித்து அடைத்தாள். யோன்சில் ஜன்னல் இடுக்கில் மரத்துண்டை வைத்து ஆணியடித்துப் பார்த்தாள். அம்மா நகத்தில் ரத்தம் வரும்வரை அதைப் பிடுங்கினாள். கெஞ்சினால் கத்தல், கிழித்தால் அடி. பில்சுன் இப்புனியைப் பற்றிச் சொன்னால்தான் அடங்கினாள். சொன்ன ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்டு, புதிதாக அழுது, பெயர் கேட்டு, தானே திறந்தாள்.

"அத்தை, நீங்க தினம் தினம் இதைச் சொல்ல வேணாம்," என்றாள் யோன்சில் ஒரு நாள். குழந்தையை அவள் மாமியாரின் முதுகில்தான் கட்டிவிட்டிருந்தாள். "உங்க மொகத்தை என்னால பார்க்க முடியலை. நான் சொல்லிக்கறேன். எனக்குத்தான் இப்பத் தெரியுமே."

"நீ சொன்னா கேக்கமாட்டாடி. ஒட்டினவ நான்."

ஜன்னலடியில் சம்பந்தியம்மா முதல் பட்டையை ஒட்டி, ஓரத்தைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டிருந்தாள். பில்சுன் முதுகில் தூங்குகிற பேத்தியை ஒரு தடவை ஏற்றிக் கட்டிக்கொண்டு, அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"சம்பந்தியம்மா, அதை வச்சுட்டுக் கொஞ்சம் இப்படி உக்காருங்க. எனக்கு ஒரு பொண்ணு இருந்தா."